ஆடியில் வைத்த எழுத்து

எனக்குக் கலியாணம் எப்போது நடந்தது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் இந்த வருடம் தை மாதம் என்றுதான் சொல்வார்கள். தாலி ஏறியது அப்போதுதான். மேளம், வீடியோ, மானிப்பாயிலிருந்து பஸ் பிடித்து வந்த மாப்பிள்ளை வீட்டார், எல்லாம் அப்போதுதான். அதற்கு ஒன்றரை வருடம் முன்பு, கரவெட்டியில் எங்கள் வீட்டு முன் அறையில் பதிவாளர் வந்திருந்து நானும் அவரும் கையெழுத்திட்டதை யாரும் கலியாணம் என்று சொல்வதில்லை. அதற்குப் பெயர் எழுத்து. வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் முதலில் எழுத்து, ஸ்பொன்சர் அலுவல்கள் முடியும் தறுவாயில் தாலி. இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

எங்கள் எழுத்து ஆடி மாதத்தில் நடந்தது. ஆடியில் நல்ல காரியம் செய்யமாட்டார்கள். ஆனால் அவருக்கு அமெரிக்காவில் லீவு கிடைத்தது அந்த மாதத்தில். அவருடைய அம்மா, என் மாமி, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றுக்கும் நாள் பார்ப்பவர். இதற்கு மட்டும் பார்க்கவில்லை.

“ஆடியெண்டால் என்ன? எழுத்துத்தானே. தாலியே கட்டப் போறம்?” என்றார்.

கையெழுத்து வைத்துச் சாப்பிட்டு முடிய அவர் தாயோடு மானிப்பாய்க்குப் போய்விட்டார். திரும்பிப் பறப்பதற்கு முன்பு என்னைத் தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குக் கூட்டிப்போக ஆசைப்பட்டார். தாலி கட்டாத பெட்டையை எப்படித் தனியே அனுப்புவது என்று என் அம்மாவும் ஆட்டோவில் ஏறினார். முருகனுக்கு முன்னால் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கும்பிட்டார். ஆனால் ஸ்பொன்சர் விண்ணப்பம் அடுத்த கிழமையே போய்விட்டது. அமெரிக்காவுக்கு நான் அவருடைய மனைவி. கரவெட்டிக்கு இன்னும் இல்லை. அப்போது எனக்கு இது சிரிப்பாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐயா குத்தகைக் காணியில் வெங்காயம் செய்பவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூடப் படலையைத் தாண்டியதே என்னைக் கொண்டுபோய் விட்ட அன்றுதான். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. சுற்றுநிருபங்களை வாசித்து, யாருக்கு எது உரித்து, யாருக்கு எது இல்லை என்று சனத்துக்குச் சொல்வதுதான் நாள் முழுக்க என் தொழில். இதைப் பெருமையோடுதான் சொல்கிறேன். “படிச்ச பிள்ளை எண்டபடியால்தான் எடுத்தனாங்கள்” என்று மாமி கலியாண வீட்டில் எத்தனை பேருக்குச் சொன்னார். அந்தப் படிப்பை வைத்து என் விசாவையே நான் வாசித்தபோதுதான் அவருக்குப் பிடிக்காமல் போயிற்று.

வைகாசியில் விசா வந்தது. அதே கிழமை ஆனிக் கடைசியில் பறக்க ரிக்கெற் போட்டிருப்பதாக அவர் சொன்னார். நாள் பார்த்தது மாமி. ஆடி பிறக்க முன்னம் நான் போய்ச் சேர்ந்துவிட வேண்டுமாம்.

நான் விசாவில் அச்சடித்திருந்த வகையைப் பார்த்தேன். அது என்ன வகை என்று அந்த நாட்டு அரசாங்கத்தின் இணையத்தளத்தில் தேடி வாசித்தேன். விசயம் இதுதான். அவரைப் போல அந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவரை மணந்த பெண் அங்கே இறங்கும் நாளில், சட்டப்படி மணமாகி இரண்டு வருடம் நிறைந்திராவிட்டால், அவளுக்குக் கிடைப்பது இரண்டு வருடத்துக்கான நிபந்தனைக் கிறீன் கார்ட். அது முடிவதற்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்து வைத்து, எங்கள் குடும்பம் உண்மையான குடும்பம் என்று காட்டி, நிபந்தனையை எடுத்துவிடும்படி கேட்க வேண்டும். இரண்டு வருடம் நிறைந்த பிறகு இறங்கினால் பத்து வருடக் கார்ட். நிபந்தனையும் இல்லை, கணவனின் இரண்டாம் கையெழுத்தும் இல்லை. விசாவில் எது அச்சடித்திருந்தாலும் கணக்கு இறங்கும் நாளில்தான். சட்டம் எண்ணத் தொடங்குவது தாலியிலிருந்து அல்ல, எழுத்திலிருந்து.

எழுத்து வைத்து இரண்டு வருடம் ஆடி நடுவில் நிறைகிறது. எனக்கு ரிக்கெற் போட்டிருந்தது ஆனிக் கடைசிக்கு.

இந்தச் சின்ன இடைவெளி ஏன் எனக்கு இவ்வளவு பெரிதாகப் பட்டது என்றால், என்னோடு படித்த ஒருத்தி அந்த இரண்டு வருடக் கார்ட்டில் போனவள். கறிக்கு உப்புக் கூடினாலும், தாய்க்குக் காசு அனுப்பக் கேட்டாலும், புருசன் “கையெழுத்து வைக்கமாட்டன், தெரியுந்தானே” என்பானாம். அடிக்கவில்லை. அந்த ஒரு வசனம்தான். புருசன் கையெழுத்து வைக்காவிட்டால் தனியாகக் கேட்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. நான் அதையும் வாசித்தேன். ஆனால் பஸ் ஓடும் பாதைகூடத் தெரியாத ஊரில், சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாத ஒருத்தி அதையெல்லாம் எப்படி நிரூபிப்பாள்? அவள் இரண்டு வருடமும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட விவாதப் போட்டியில் எங்கள் எல்லோரையும் கதைத்து வென்றவள்.

அடுத்த நாள் காலை, அலுவலகத்துக்கு வெளிக்கிட முன்பு, அவருக்குப் போன் எடுத்தேன். அங்கே பின்னேரம்.

“இஞ்சேருங்கோ, ரிக்கெற்றை ஆவணிக்கு மாத்துவமோ?”

“ஏன், உடம்புக்கு ஏதும் செய்யுதோ?”

காரணத்தைச் சொன்னேன். பயந்துபோய்ச் சொல்லவில்லை. அவருக்கும் இது சந்தோசமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன். அவருக்கும் அலைச்சல் மிச்சம்தானே.

பிறகு, “பிந்தி வந்தால் உமக்குச் சிற்றிசனும் பிந்துமெல்லோ” என்றார்.

“ஒரு மாசம்தான் பிந்தும். எந்தக் காட் எண்டாலும் இறங்கின நாளிலை இருந்துதான் கணக்கு. உங்களோடை சேர்ந்து இருந்தால் மூண்டு வருஷம். இல்லாட்டி அஞ்சு.”

“இல்லாட்டி எண்டதையும் பாத்து வைச்சிருக்கிறீரோ?”

“ரண்டும் பக்கத்திலை பக்கத்திலைதான் கிடக்கு. ஒண்டை மட்டும் வாசிக்க எனக்குத் தெரியாது.”

“சரி, பாப்பம்,” என்று வைத்துவிட்டார்.

அந்தப் ‘பாப்பம்’ என்ற சொல்லை நம்பியது நான். அதற்குப் பிறகு இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் அதே சொல். ரிக்கெற் நாள் கிட்ட வந்தபோது, நான் அந்தத் திகதியில் வரமாட்டேன், ஆவணியில் வருவேன், இதை உங்கள் அம்மாவுக்கும் சொல்லிவிடுங்கள் என்று தெளிவாகச் சொன்னேன். ஓம் என்றார்.

அவர் சொல்லவில்லை. ரிக்கெற் நாளன்று காலை மாமி வான் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார். முற்றத்தில் ஐயா வெங்காயம் காயப் போட்டிருந்தார். மாமி சீலையைத் தூக்கிப் பிடித்தபடி வெங்காயத்துக்கு நடுவால் நடந்துவந்தார். பின்னால் வான்காரர் ஒரு சூட்கேஸைத் தூக்கி வந்தார். அதற்குள் மகனுக்கு மிளகாய்த்தூள், ஒடியல் மா, பருத்தித்துறை வடை. நான் வீட்டுச் சட்டையோடு நின்றேன்.

“என்ன பிள்ளை, இன்னும் வெளிக்கிடேல்லையோ? கட்டுநாயக்கா எயாப்போட்டுக்கு எவ்வளவு தூரம் தெரியுமே?”

“நான் இண்டைக்குப் போகேல்லை மாமி. ஆவணியிலைதான். அவருக்குச் சொன்னனான்.”

மாமி என் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “மச்சாள், உங்கடை மகள் என்ன சொல்லுறா?”

அம்மா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். “நான் என்னத்தைச் சொல்ல மச்சாள். அவள் சட்டம் கதைக்கிறாள்.”

நான் மாமிக்கு விளக்கினேன். அலுவலகத்தில் வயது போனவர்களுக்குச் சொல்வதுபோல, குரலை உயர்த்தாமல். எழுத்து வைத்த நாள், இறங்கும் நாள், இரண்டு வருடம், பத்து வருடம். கடைசியில், “உங்களுக்கும் நல்லதுதானே மாமி. ஆடி கழிஞ்சு ஆவணியிலை போனால் நாளும் நல்ல நாள்” என்றேன்.

இதற்கு மறுப்பு இருக்க முடியாது என்று நினைத்தேன். ஆடிதான் பிரச்சினை என்றால் ஆவணி தீர்வு. சந்தோசமாகத் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். மாமி தலையாட்டவில்லை. கதிரையில் இருந்தார். விளக்கம் சொல்லத் தேவையில்லாத ஆளுக்கு நான் விளக்கம் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“உதெல்லாம் எனக்குத் தெரியும். மூத்தவன்ரை மனிசிக்குப் போனவுடனை பத்து வருஷக் காட்தான் கிடைச்சது. ஒரு வருஷமாவது அவனோடை இருந்தாளே? இப்ப அவன் தனிய நூடில்ஸ் தின்னுறான். சின்னவனையும் அப்பிடி விட ஏலாது. ரண்டு வருஷம் ஒரு பிடி இருக்கட்டும். நல்ல பிள்ளையெண்டால் உமக்கு உதிலை என்ன பயம்?”

ஆடியும் இல்லை, நல்ல நாளும் இல்லை. எங்கள் வீட்டு முற்றத்தில், என் ஐயா காயப் போட்ட வெங்காயத்துக்கு முன்னால், என் கழுத்துக்கு ஒரு கயிறு அளவெடுத்து வந்திருந்தார்கள். அந்தக் கயிற்றுக்கு இரண்டு நாட்டுச் சட்டத்திலும் இடம் பார்த்து வைத்திருந்தார்கள். எழுத்து வைத்தபோது அது கலியாணமே இல்லை என்றவர்களுக்கு அதன் வயது மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

“நல்ல மாடெண்டாலும் கட்டித்தானே வைக்கிறனீங்கள் மாமி,” என்றேன்.

“பாத்தீங்களே மச்சாள், வாயை! படிச்ச திமிர்!”

“ஓம் மாமி, படிச்சதுதான்.”

மாமி கைபேசியை எடுத்து மகனை அழைத்தார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். “தம்பி, உன்ரை மனிசி வரமாட்டாளாம். நீ கதை.”

நான் முந்திக்கொண்டேன். “உங்களுக்கும் உது தெரியுமோ? பிடி இருக்க வேணும் எண்டோ ரிக்கெற் போட்டனீங்கள்?”

“அம்மா சும்மா சொல்லுறா. அது ஒரு கையெழுத்துத்தானே. நான் வைக்காமல் விடுவனே?”

“ஒரு கையெழுத்துத்தான் எண்டால் அது இல்லாமலே நான் வரலாம்தானே.”

“அப்ப நீர் விட்டிட்டுப் போறதுக்கோ உந்தக் கணக்குப் பாக்கிறீர்?”

“விட்டிட்டுப் போறதெண்டால் இஞ்சையிருந்தே போகலாம். அதுக்கு அமெரிக்கா வரத் தேவையில்லை. நான் உங்களோடை இருக்கிறது என்ரை விருப்பத்திலை எண்டு எனக்கும் தெரிய வேணும், உங்களுக்கும் தெரிய வேணும். கையெழுத்துக்குப் பயந்து இருக்கிற ஒருத்தியோடை இருக்க உங்களுக்கு விருப்பமோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

வான்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயத்தைப் பார்த்தார். மாமி கைபேசியை மூடி எழுந்தார். போகிற வேகத்தில் சூட்கேஸை மறந்துவிட்டார். வேண்டுமென்று விட்டுப்போனாரோ தெரியாது.

அன்று ஐயா என்னோடு கதைக்கவில்லை. அம்மா அழுதார். குடும்பம் குழம்பிவிடும், ஊர் சிரிக்கும், கொண்டுவந்த வானைத் திருப்பி அனுப்பின பெட்டை என்பார்கள் என்றார். ஊர் சொன்னதுதான். பஸ்ஸில் எனக்குப் பின் சீற்றில் இருந்து சொன்னார்கள், எனக்குக் கேட்கட்டும் என்று. அலுவலகத்தில் என் கதிரையில் ஏற்கெனவே வேறொரு ஆளை இருத்தியிருந்தார்கள். அமெரிக்கா போக எடுத்திருந்த விடுமுறையைப் பின்போடக் கேட்டுப் போய் நின்றபோது, “அமெரிக்கா திருப்பி அனுப்பிப்போட்டுதோ?” என்று சிரித்தார்கள். பக்கத்து மேசையில் இருந்து வேலை செய்தேன்.

அவர் பல நாள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது என்று வைராக்கியம். ஆனால் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைக்கவும் முடியவில்லை. அதற்காக என்மீதும் கோபம் வந்தது.

எழுத்து வைத்த நாள் திரும்பி வந்தது. அதை யாரும் கொண்டாடுவதில்லை. தாலி கட்டிய நாளுக்குத்தான் கேக் வெட்டுவார்கள். அன்று வேலையால் வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அம்மா கிணற்றடிக்கு வந்தார்.

“இண்டைக்கோ அந்த நாள்?”

“ஓம்.”

“அப்ப இனி அவங்கடை கையெழுத்துத் தேவையில்லை?”

“இல்லை.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “எண்டாலும் அவன் கதைக்கேல்லையே,” என்றார்.

அடுத்த கிழமை அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. புது ரிக்கெற், ஆவணியில். கீழே ஒரு வரி: ‘உமக்காக மாத்தியிருக்கிறன்.’

எனக்காகவாம்! அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. மன்னிப்பும் இல்லை. எனக்கு உரித்தானதை எனக்கே அன்பளிப்பாகத் தந்திருந்தார். அழைத்தேன். “எனக்காக இல்லை, எங்களுக்காக எண்டு போடுங்கோ” என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. “வந்து சண்டை பிடியும்,” என்றார். “வருவன்,” என்றேன். அவரோடு இருக்கத்தான் போகிறேன். கோபம் அடங்கிப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதையும் கொண்டுதான் போகிறேன்.

சூட்கேஸ் அடுக்கும்போது மாமியின் மிளகாய்த்தூளைத் தேடினேன். காணவில்லை.

“அது சமைச்சு முடிஞ்சுது,” என்றார் அம்மா, குசினியிலிருந்து. “வடையும்தான். பழுதாக விடுறதே? உனக்கு நான் புதுசா இடிச்சு வைச்சிருக்கிறன். அவவின்ரை தூளிலை உறைப்பே இல்லை.”