அல்சேஷனா, லெப்ரடோரா: நான் கேட்காமல் விட்ட கேள்வி

போன் வந்தபோது, கிளினிக்கில் தடுப்பூசிக்காக ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பேசியது எங்கள் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா.

"ஒன் புள்ள கால்ல சுடு கஞ்சியக் கொட்டிக்கிட்டா. உள்ள போக முடியல. ஒன் நாய் வாசல்ல நின்னுக்கிட்டு யாரையும் விட மாட்டேங்குது. ஓடி வா!"

பதுளையிலிருந்து ஹாலிஎலைக்கு அப்பாலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஆட்டோவில் முப்பத்தைந்து நிமிடம்.

மிருக வைத்தியர் ஒருவரிடம் பதினெட்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். நாய் வாங்க நினைப்பவர்கள் பலர் என்னிடம் யோசனை கேட்பார்கள். பெரும்பாலும் அல்சேஷனா லெப்ரடோரா என்பதுதான் சந்தேகம். முற்றம் உண்டா, நாயோடு நடக்க நேரம் உண்டா, சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்துத்தான் பதில் சொல்வேன்.

என் வீட்டுக்கு என்று வந்தபோது எதையும் விசாரிக்கவில்லை. கணவருக்குக் கொழும்பில் வேலை. பதினைந்து வயது மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, நான் வரும்வரை மூன்று மணிநேரம் தனியாக இருப்பாள். அந்த மூன்று மணிநேரம் மட்டுமே என் தலைக்குள் இருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு இனத்திலும் குட்டி கிடைத்தது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். "லயத்துக்கு அல்சேஷன் சரிவராது, பிள்ளை. லெப்ரடோரை எடுங்கோ" என்றார்.

"லெப்ரடோர் கள்ளனுக்கும் வாலாட்டும், டொக்டர்."

"அல்சேஷன் ஆருக்குமே ஆட்டாது. பரவாயில்லையோ?"

இரண்டு பேரும் சிரித்தோம். நான் அல்சேஷனை எடுத்து, பிரின்ஸ் என்று பேர் வைத்தேன்.

லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு; பத்து வீட்டுக்கும் ஒரே கூரை. ஒரு வீட்டில் சத்தம் கேட்டால் பத்து வீடும் வந்துவிடும். கதவைத் தட்டும் வழக்கமே இல்லை. ஆனால் லயத்துப் பிள்ளைகள் குட்டியைத் தடவ வந்தபோது நான் விடவில்லை. எல்லாரிடமும் பழகினால் காவலுக்கு உதவாது என்று நினைத்தேன். நேரே அடுப்படிவரை வரும் மல்லிகா அக்கா, பிரின்ஸ் வளர்ந்த பிறகு வாசலோடு நின்றார். "ஒன் வீட்டுக்கு வர விசா எடுக்கணும் போல" என்று கிண்டல் செய்வார். அதையும் நாயின் திறமை என்றே எடுத்துக்கொண்டேன்.

அன்று மகள் சோறு வடிக்கும்போது பானை சரிந்திருக்கிறது. அலறல் கேட்டு ஐந்தாறு பேர் ஓடி வந்தார்கள். வீட்டுக்கு ஒரே கதவு. அவள் அழ அழ நாய்க்கு மூர்க்கம் ஏறியது. "பிரின்ஸ், விடுடா" என்று அவள் கத்தியதும் அதற்கு உதவிக்குக் கூப்பிடுவதாகவே பட்டிருக்கும். போர்வையைச் சுற்றிக்கொண்டு நுழையப் பார்த்த மல்லிகா அக்காவின் கையைக் கடித்துவிட்டது. "தண்ணிய ஊத்து, தண்ணிய ஊத்து" என்று வெளியே நின்று கத்தினார்கள். நகர முடியாமல் கிடந்தவளுக்குக் குடம் எட்டவில்லை.

நான் போய் இறங்கியதும் பிரின்ஸ் வாலாட்டிக்கொண்டு வழிவிட்டது.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உடனே தண்ணீர் ஊற்றியிருந்தால் இவ்வளவு ஆழமாகப் புண்ணாகியிருக்காது என்றார்கள். கணுக்காலில் தோல் இன்னும் இழுக்கிறது. படி இறங்கும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்க்கிறேன். பிரின்ஸைப் பண்டாரவளையில் மதிலும் கேட்டும் உள்ள ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அதைப் புகழ்கிறார்கள். அதன்மேல் ஒரு தப்பும் இல்லை.

மல்லிகா அக்கா இன்னும் வாசலில் நின்றுதான் கூப்பிடுகிறார். "நாய் இல்லன்னு தெரியும்டி. கால்தான் வர மாட்டேங்குது."

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். நாய் வாங்க வருகிறவரிடம், வீட்டில் யார் யார் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் அலறினால் முதலில் ஓடி வருவது யார் என்று கேளுங்கள். குட்டியைப் பார்க்க அவர்களையும் கூட்டிவரச் சொல்லுங்கள். லயத்தில் இருப்பவர் அல்சேஷன்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் என் மகளின் காலைப் பற்றிச் சொல்லுங்கள். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.