முகம் பார்க்கப் போனது

பட்டணம் போக மூன்று மாதம் இருக்கும்போதே என் மாமியார் பையைக் கட்டிவிட்டார். பொன்னேரி ஜவுளிக்கடையில் கொடுத்த மஞ்சள் பை. உள்ளே ஒரு சேலை, சீப்பு, பாதி சோப்பு, ஒரு பொட்டலம் கருவாடு. ஏரியில் கையால் தடவி இறால் பிடித்துவிட்டுக் கரையேறியதும் கை கழுவுவார். ஆணியிலிருந்து பையை இறக்குவார். எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார். திரும்ப மாட்டுவார். ஏரிக்குள் இருக்கிற எங்கள் பசியாவரத்திலிருந்து பட்டணம் ஒன்றும் காசி இல்லை. படகில் பழவேற்காடு, பஸ்ஸில் பொன்னேரி, அங்கிருந்து ரயில். ஆனாலும் அவர் போனதில்லை.

அங்கே என் வீட்டுக்காரர் படத்தை மாட்டப் போகிறார்கள் என்று சேதி வந்திருந்தது. பல வருஷம் முன்னால் பழவேற்காட்டு டச்சுக்காரர் கல்லறைகளை வரைய ஓர் ஓவியர் வந்தார். கல்லறை முடிந்ததும் ஏரியை வரைய வேண்டும் என்று எங்கள் படகை அமர்த்தினார். பத்து நாள் ஓட்டினது என் வீட்டுக்காரர்தான். ஓவியர் பிறகு பெரிய பேர் வாங்கிவிட்டாராம். வெளியூர்க்காரர்களுக்குக் கல்லறை சுற்றிக் காட்டுகிற அண்ணன்தான் வந்து சொன்னார். மூன்று மாதம் கழித்து அவர் படங்களில் பாதியை மியூசியத்தில், பாதியைக் கடற்கரைப் பக்கம் ஒரு கூடத்தில் மாட்டப் போகிறார்களாம். படகோட்டி படமும் ஒன்று உண்டாம். எந்த இடத்தில் என்று அவருக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் செத்து அப்போது இரண்டு வருஷம். அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல். ஆனால் அன்றுதான் எங்கள் பாடு. ஏரியில் வலை போடுகிற இடத்துக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறார்கள், அதுதான் பாடு. விட்டால் மறுமுறை வரப் பல நாள் ஆகும். போய்விட்டு வந்து படுங்கள் என்று நான்தான் சொன்னேன். முகத்துவாரத்து இழுப்பு கொண்டுபோய்விட்டது. மூன்றாம் நாள்தான் கிடைத்தார். முகத்தை யாரும் பார்க்க வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இருந்த போட்டோக்களை அதற்கு முந்தின வெள்ளமே தின்றிருந்தது. ஆம்பளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. அதனால் நாங்கள் இருவரும் தண்ணீரில் இறங்கினோம். ஒரே கூடை. பக்கத்தில் பக்கத்தில் முட்டி போட்டு நகர்வோம். மாமியார் என்னோடு பேச மாட்டார். "அனுப்பினவ" என்று மற்றவர்களிடம் சொல்வார். எனக்குக் கேட்கும்படிதான் சொல்வார்.

சேதி வந்த அன்றைக்குத்தான் பேசினார்.

"இன்னாமே, அவன் மூஞ்சி அப்படியே இருக்குமா அதுல?"

இருக்காது. எனக்குத் தெரியும். கடைசி நாள் சோறு கொண்டுபோனபோது ஓவியர் படத்தைக் காட்டினார். கோல் ஊன்றுகிற ஆளின் முதுகுதான் இருந்தது. மூஞ்சி எங்கே என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். "ஒருத்தர் குந்திகினு என்னியே பாத்துகினு இருந்தா எனக்கு வெக்கமா இருக்காதா? நான்தான் திரும்பிகினேன்" என்றார்.

இதை அன்றே சொல்லியிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து ஒரு வாய் என்னோடு பேசியிருக்கிறது. "இருக்கும் அத்தே" என்றேன்.

அந்த மூன்று மாதமும் அவர் பேசிக்கொண்டே இருந்தார். முதல் நாள் மியூசியம், ராத்திரி ராயபுரத்தில் தன் தங்கச்சி வீடு, மறுநாள் இன்னொரு கூடம் என்று திட்டம் போட்டார். அப்படியே பீச்சையும் பார்க்கலாம் என்றேன். "பீச்சா? நம்ம வூட்டாண்ட இல்லாத கடலா? போடி" என்றார். தண்ணீருக்குள் கை தடவிக்கொண்டே மகன் கதை சொல்வார். அவருக்கு எப்போது பல் முளைத்தது, நைனாவிடம் எதற்கு அடி வாங்கினார், எல்லாம். மகன் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசுவார். நானும் கேட்டேன். ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். அந்த நாளை வரவில்லை.

மியூசியத்தில் படம் இரண்டாவது அறையில் இருந்தது. நாங்கள் நினைத்ததைவிடப் பெரிது. ஏரி, கோல், முதுகு. வலது தோளில் திருக்கை மீன் முள் குத்தின பழைய தழும்புகூட இருந்தது. மாமியார் கிட்டே போனார். காவலுக்கு நின்ற பெண் "தள்ளி நில்லுங்கம்மா" என்றாள். தள்ளி நின்றார். ரொம்ப நேரம் நின்றார். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"அந்த இன்னொரு எடத்துல மூஞ்சி இருக்குமா?" என்று கேட்டார்.

மறுபடியும் இருக்கும் என்று சொல்லியிருந்தால் ஒரு ராத்திரி ஓடியிருக்கும். மூன்று மாதம் வாயில் வராத உண்மை அங்கே வந்தது.

"இல்ல அத்தே. அவரை வரைஞ்சது இது ஒண்ணுதான்."

"உனக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் கத்தவில்லை. படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அன்னிக்குக் கரையில குப்புறப் போட்டு இதத்தான் காட்டுனானுங்க. இதப் பாக்கத்தான் இட்டாந்தியா?"

ராயபுரத்துக்குப் போகவில்லை. மறுநாள் கூடத்துக்கும் போகவில்லை. ரயிலில் எதிர் எதிரே உட்கார்ந்து வந்தோம். மறுநாள் காலையில் அவர் பக்கத்து வீட்டில் ஒரு கூடை கேட்டு வாங்கி, தனியாக ஏரியில் இறங்கினார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். என்னோடு பேசாமல் இல்லை. தண்ணி குடு, கதவைச் சாத்து, மழை வருது, இவ்வளவு பேசினார். சாகிற அன்றைக்குக் கஞ்சி ஊட்டியதும் நான்தான். "போதும்" என்றார். மகன் பேரை மட்டும் அப்புறம் ஒருநாளும் என்னிடம் சொல்லவில்லை. இப்போது வீட்டில் அந்தப் பேரைச் சொல்ல ஆள் இல்லை. கட்டினவர் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களுக்குக் கிடையாது.