பதினாலு நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்குப் 'பொம்மை ரயில்' என்று பெயர். நாள் முழுக்கக் கணினித் திரையில் குட்டி ரயில்களை ஓட்டிப் பார்ப்பதுதான் அவர் வேலை. கடைசி நிலையத்துக்கு வரும் ரயில் ஆளை இறக்கி, பெட்டி சுத்தமாகி, திரும்பிப் போக எவ்வளவு நேரமாகும், எத்தனை பிளாட்பாரம் வேண்டும் என்று திரை சொல்லும். மேலிடத்துக்கு அதுதான் வேதவாக்கு.

ஆனால் திரைக்குத் தானாக என்ன தெரியும்? யாராவது போய் அளந்து வந்து எண்ணைக் கொடுக்க வேண்டும். ஒரு ரயிலின் பெட்டிகளைச் சுத்தம் செய்ய எத்தனை நிமிடம் என்று மூன்று வருடத்துக்கு முன் கடிகாரத்தோடு போய் நின்றவர் இவர். அந்தத் துப்புரவுக் குழுவின் தலைவி இவருடைய அண்ணி, ஒரே வீடு. கொழுந்தனார் வந்து நிற்கிறாரே என்று அண்ணி தன் ஆட்களை விரட்டு விரட்டென்று விரட்டினார். இருபது நிமிட வேலை பதினாலில் முடிந்தது. இவரும் பூரித்துப்போய்ப் பதினாலு என்று எழுதிக்கொண்டு வந்துவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்தால் எவருக்கும் கை வேகமாக ஓடும் என்பது இந்தப் படித்த மனிதருக்கு உறைக்கவில்லை!

அந்த எண்ணை வைத்துத்தான் கால அட்டவணை போட்டார்கள். அன்றிலிருந்து அண்ணிக்குத் தினமும் எட்டு ரயில், ஒவ்வொன்றுக்கும் பதினாலு நிமிடம். இப்போது முட்டி வீங்கி, வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் இவரை அரித்தது. எதிரே உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒருவழியாகப் போன மாதம் மேலாளரிடம் தப்பை ஒப்புக்கொண்டார்.

"தப்புன்னா மறுபடி அளந்துட்டு வாங்க. உங்க வாய் வார்த்தைய கம்ப்யூட்டர்ல போட முடியுமா?" என்றார் மேலாளர்.

அன்று மாலை வீட்டில், "அண்ணி, நாளைக்கு அவசரப்படாதீங்க. நிதானமா பண்ணுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

மறுநாள் நானும் கூடப் போனேன். ரயில் நின்றதும் அண்ணி ஏறினார். ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கைக்கு இருக்கை ஓடிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி முடிந்தபோது பதிமூன்று நிமிடம்.

"ஏன் அண்ணி? அவ்வளவு சொன்னேனே!"

"காலைலயே கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் சொல்லிட்டாரு தம்பி. இன்னிக்குப் பதினாலத் தாண்டினா நாளைலேருந்து வேற ஆளுங்களாம். என்னை நம்பி ஒன்பது பேரு இருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அண்ணி பெட்டிப் படியிலேயே உட்கார்ந்து முட்டியைப் பிடித்துக்கொண்டார். நிமிடத்தைக் குறிக்கும் தாளில் சாட்சிக் கையெழுத்துப் போட சூப்பர்வைசர் பேனாவோடு காத்திருந்தார். பொம்மை ரயில் என் முகத்தைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவர் பதிமூன்று என்று எழுதினார்.