கழற்றிய பூஸ்டர்

என் வீட்டுக்காரருக்கு டாக்டர் சொன்னால் நம்பிக்கை வராது, அவருடைய வலது கால் சொன்னால் வரும். வேன் வாங்குவதற்கு முன்பு ஓசூரில் ஒரு கம்பெனியில் பிரேக் சாமான்களைச் சோதிக்கிற வேலையில் இருந்தவர். நாள் முழுக்கப் பெடலை மிதித்துப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வேண்டும். அந்தப் பெருமையில் வேனின் டிரைவர் சீட்டில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். என் தம்பி ஒருமுறை ஏறி உட்கார்ந்துவிட்டான் என்று வாரம் பூராவும் அவனுக்கு முகம் கொடுக்கவில்லை.

உத்தனப்பள்ளியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூர் வருவதுதான் எங்கள் பிழைப்பு. போன வருஷம் மழை விட்ட சமயம், வீட்டுக்குள் வந்ததும் வராததுமாக, "பெடலு கல்லாட்டம் இருக்குது. பூஸ்டர் போச்சு" என்றார். நாம் மிதிப்பதைப் பல மடங்கு பலமாக்கி பிரேக்குக்குக் கொடுக்கிற சட்டி மாதிரியான சாமான் அது. அது போனால் பாரம் ஏற்றிய வண்டியை நிறுத்துவது பெரும்பாடு. எதற்கும் சோதித்துவிடலாம் என்று, எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதித்தார். மிதித்த காலை எடுக்காமல் சாவியைத் திருப்பினார். பூஸ்டர் நல்லதாக இருந்தால் அப்போது பெடல் கொஞ்சம் உள்ளே இறங்க வேண்டும்.

"எறங்கல பாரு" என்றார். நான் என்னத்தைப் பார்ப்பது? அவர் கால் சொன்னால் சொன்னதுதான்.

அவருக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. பெடல் கல்லாகிவிட்டது என்று சொன்ன அந்தச் சமயத்தில் தெருமுனையில் ஒரு செருப்பு கழன்று கிடக்கும், அது தெரியாமலே வீடு வரைக்கும் நடந்து வருவார். "ஒத்தச் செருப்ப யாருக்குச் சீதனம் குடுத்தீங்க?" என்று கேட்பேன். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி அத்திப்பள்ளியிலிருந்து புது பூஸ்டர் வாங்கி வந்தான். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றதற்கு அவருக்குக் கோபம் வந்துவிட்டது. வாசலிலேயே வேலை ஆரம்பித்தது. தம்பி பெடலுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்து நட்டுகளைக் கழற்றினான். அவர் எஞ்சின் பக்கம் குனிந்து, ஆயில் குழாய்களை அவிழ்க்காமல் பிரேக் ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரை மட்டும் நகர்த்தி, பழையதை வெளியே இழுத்தார். நான் டார்ச் பிடித்தேன். கைவேலையில் அவரை மிஞ்ச முடியாது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே புதியது ஏறிவிட்டது. புது சாமான் போட்டால் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை ஏற்றி எடுப்பது வழக்கம். நானே போய் வைத்தேன்.

அவர் ஏறி உட்கார்ந்து, மிதித்துக்கொண்டு சாவியைத் திருப்பினார்.

"இதுவும் எறங்கல."

"மாமா, நீங்க எறங்குங்க. நான் ஒருவாட்டி பாக்கறேன்" என்றான் தம்பி.

அவர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "நீ வேணாம். அவ மிதிக்கட்டும்."

கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததில்லை. அவர் சொல்லச் சொல்ல மிதித்தேன். சாவியைத் திருப்பியதும் பெடல் பிசைந்த மாவுக்குள் கை போகிற மாதிரி உள்ளே போனது. கல்லாட்டம்தான் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. ஆனால் நாளைக்கு இந்த வண்டியில் பாரம் ஏறும், ராயக்கோட்டை ரோட்டில் ஜனங்கள் நடப்பார்கள்.

"எறங்குதுங்க" என்றேன்.

அவர் படியில் உட்கார்ந்து வலது காலை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டை விரலை நகம் பதியக் கிள்ளினார். இன்னும் அழுத்திக் கிள்ளினார். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். தம்பி ஸ்பேனர்களைப் பொறுக்கத் தொடங்கினான்.

நரம்பு போய்விட்டது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இந்தத் தடவை டாக்டர் சொன்னதை அவர் மறுக்கவில்லை. எலுமிச்சம்பழம் சக்கரத்தடியிலேயே காய்ந்து கறுத்தது.

போன மாதம் பழைய இரும்புக்காரர் வந்தபோது, மூலையில் கிடந்த பழைய பூஸ்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனேன்.

"அத எங்க எடுத்துட்டுப் போற?" என்றார் கட்டிலிலிருந்து.

"பழசுதானே. எடைக்குப் போட்டுடலாம்."

"வேணாம், வை. அது நல்லாத்தான் இருந்துச்சு. நான்தான் அது மேல பழி போட்டுட்டேன்."

எடுத்த இடத்திலேயே வைத்தேன்.