எண்பது எழுத்து ஆழம்

எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தை மூடிய வருஷம் அது. வாரத்தில் ஆறு நாள் பங்காருபேட்டை வழியாக ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதாயிற்று. சுரங்கக் குடியிருப்பான மைசூர் மைன்ஸில் டைப்பிங் சென்டர் வைத்திருந்த அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்த டெக்ஸ்ட் எடிட்டர், இருக்கிற ஃபைலை இல்லை என்று சாதித்தது.

"இன்னாப்பா இது? கண்ணு முன்னால கீது, உன் எடிட்டரு இல்லன்னுது."

வேலை போனவர்களின் மனுக்களை அவர் ஷாஃப்டுக்கு, அதாவது சுரங்கக் குழிக்கு, ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆழத்தைக் குறிக்கும் லெவலுக்கு ஒன்று, அதற்குள் ஷிஃப்டுக்கு ஒன்று, அதற்குள் ஆளுக்கு ஒன்று என்று வைத்திருந்தார். எல்லாப் பெயரும் சேர்ந்து நீண்டுபோன ஃபைல் பாதையில், என் எடிட்டர் முதல் எண்பது எழுத்தைப் படித்துவிட்டு மிச்சத்தைக் கைவிட்டிருந்தது.

"இவ்ளோ ஆழமா யாராவது வெப்பாங்களா அக்கா?" என்று எரிந்து விழுந்தேன்.

"அவங்க அங்கதானப்பா வேல செஞ்சாங்க."

நான் எண்பது என்ற வரம்பை இருநூற்றைம்பதாக்கினேன். ஒரே வரி மாற்றம். ஃபைல் திறந்தது.

அப்பா அந்த ஆழத்துக்கு முப்பது வருஷம் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் இறங்கி ஏறியவர். எண்பது எழுத்து போதும் என்று முடிவு செய்தவன் அவர் பிள்ளை.