இடது கைக்கு விட்ட துணி

பிள்ளைகளே, 'என் அப்பா' என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதச் சொன்னதற்குச் சின்னவன் எழுதியதைப் படித்தேன். "எங்கள் அப்பா ஒரு வருடம் வீட்டில் எல்லாருக்கும் அவரே துணி தைத்தார். அம்மாவுக்கு ஜாக்கெட்கூடத் தைத்தார்." டீச்சர் கீழே 'நன்று' போட்டிருந்தார். பெரியவளும் காலேஜில் இதையேதான் பெருமையாகச் சொல்கிறாளாம். அதில் பொய் இல்லை. ஆனால் அது பாதிதான். மீதியை நான்தான் எழுத வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு இடது மார்பை எடுத்து, ஊசி மருந்தெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, அவள் தெருவில் இறங்கவே இல்லை. ரேஷன் கடைக்குக்கூட என்னைத்தான் அனுப்பினாள். பழைய ஜாக்கெட்டுகள் எல்லாம் ஒரு பக்கம் காற்றுப் போன பை மாதிரி தொங்கின.

"டெய்லராண்ட புதுசா தைக்கக் குடுப்பம்மே" என்றேன்.

"அளவு ஜாக்கெட் கேப்பாரு. இன்னாத்த எடுத்துக்கினு போறது? வூட்ல கீறதெல்லாம் வேற ஒருத்தியோட அளவு."

நம்ம பக்கத்து டெய்லர்கள் பெண்கள் மேல் டேப் வைக்க மாட்டார்கள். பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தால் அதைப் பார்த்து வெட்டுவார்கள். புதிய அளவு வேண்டுமென்றால் கடையில் நின்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அவளால் முடியவில்லை.

அதனால்தான் பழைய தையல் மெஷின் வந்தது. ரைஸ் மில்லில் கோணி ஊசியால் மூட்டை வாய் தைக்கிறவன் நான். போனில் வீடியோ பார்த்து, நாலு துணி பாழாக்கி, அஞ்சாவதாக ஒரு ஜாக்கெட் தைத்தேன். இடது பக்கம் பஞ்சு வைத்து உள்துணி கொடுத்திருந்தேன்.

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இன்னாயா, இவ்ளோ கெட்டியா தைச்சிக்கீற. உள்ள அரிசி கொட்டினாக்கூட ஒரு மணி சிந்தாது போலகீது."

ஆனால் அதைப் போட்டுக்கொண்டு உத்திரமேரூர் பஜாருக்கு வந்தாள். பூ வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை. அப்புறம் கை நிற்கவில்லை. பெரியவளுக்குச் சுடிதார், சின்னவனுக்கு டவுசர், எனக்குக் காலர் கோணிய சட்டை.

ஜாக்கெட் தைக்கிறவர்கள் உள்ளே கொஞ்சம் துணி விட்டு, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று தையல் ஓட்டுவார்கள். உடம்பு பெருத்தால் ஒரு தையலைப் பிரித்தால் போதும். புதுசாகக் கற்றுக்கொண்டவன் இல்லையா, நான் நாலு ஓட்டினேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், "இந்தக் கை புடிக்குதுயா" என்றாள். இடது கையில், ஜாக்கெட் ஓரம் பதிந்து வளையம் மாதிரி தடம். ஒரு தையலைப் பிரித்துவிட்டேன்.

"இப்ப?"

"இப்ப சரியாகீது."

மாசியில் மறுபடியும் பிடித்தது. "சலவைல சுருங்கிச்சா?" என்றாள். "ஆமா, மட்டத் துணி" என்றேன். வலது கையும் அதே துணிதான். அது சுருங்கவில்லை. எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன். சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு தையலைப் பிரித்தேன்.

பங்குனியில் பிரிக்கத் தையல் மீதி இல்லை. அக்குள் பக்கம் ஒட்டுத்துணி கொடுத்தேன். சித்திரையில் அதைவிடப் பெரிய ஒட்டு. "ஒரு கை எனக்கு, ஒரு கை உனக்கா?" என்று அவள் கேட்டாள். "அம்மா ஒரு கைல மட்டும் ஜிம்முக்குப் போவுது" என்று சின்னவன் சொன்னான். எல்லாரும் சிரித்தோம். சின்னவனே, அதை நினைத்து நீ அழக்கூடாது. நீ குழந்தை. அளவு எடுத்தவன் நான்.

மார்கழியில் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது, ஆனியில் வாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். தேதி வரட்டும், வரட்டும் என்று இருந்தேன். பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் தையலைப் பிரித்ததும் அவள் முகம் தெளிந்தது. நோயையே நான் சரி செய்துவிட்ட மாதிரி இருந்தது.

ஆனியில் டாக்டரம்மா கையைத் தொட்டதுமே கேட்டார். "எப்பலேர்ந்து வீங்குது?"

கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்பதால் தடதடவென்று சொன்னேன். "பொங்கலுக்குப் பதினோரு இஞ்சுங்க. மாசில பன்னெண்டு. பங்குனில பதிமூணு. சித்திரைல பதினாலரை."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இவ்ளோ கரெக்டா அளந்து வெச்சிருக்கீங்க. ஏன் இங்க கூட்டினு வரல?"

அம்மாதான் சொன்னாள். "அவர ஏன் கேக்கறீங்க? கை என்னுது."

அக்குளில் கட்டி திரும்ப வந்திருந்தது. நுரையீரலுக்கும் போயிருந்தது. ஆவணியில் அம்மா போய்விட்டாள். அது உங்களுக்குத் தெரியும்.

"முன்னாடியே வந்திருந்தா பொழைச்சிருப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்று டாக்டரம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, நிஜமா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். நாளைக்கு உங்களுக்கு எங்கேயாவது பிடித்தால், வீங்கினால், என்னிடம் துணியைக் கொண்டுவராதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள்.

காரியம் முடிந்த பிறகு அவளுடைய ஆஸ்பத்திரிக் கவரைப் பிரித்து அடுக்கினேன். எக்ஸ்ரேக்களுக்கு நடுவில், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த அச்சடித்த தாள் ஒன்று மடித்த மடிப்புக் கலையாமல் இருந்தது. பெரிய எழுத்தில், தமிழில்தான். 'கை கனத்தாலோ, வளையலோ ஜாக்கெட் கையோ இறுகினாலோ, தேதிக்குக் காத்திராமல் உடனே வரவும்.'

மறுநாள் ஞாயிறு. மில் லீவு. சாவி என்னிடம் இருந்தது. களத்தில் நெல் காய வைக்கும் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கு வைத்துப் புடவை மாற்றும் அறைக்குப் போனேன். வீட்டிலிருந்து ஒரு பிடி சோறு கொண்டுபோயிருந்தேன். அதைக் குழைத்துத் தாளின் பின்பக்கம் தடவி, கதவின் உள்பக்கம், கண் படுகிற உயரத்தில் ஒட்டினேன். ஒரு மூலை எழும்பி எழும்பி வந்தது. அது காய்கிறவரை கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நின்றேன்.