கடையிலேயே முடிந்துபோன விளையாட்டு

கேம் கடை அக்காவின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. மற்ற கடைகளெல்லாம் பெரிய கம்பெனிகளின் பேனரைப் போர்த்திக்கொண்டு நிற்க, இவள் மட்டும் கடையில் இருந்த ஒரே டிவியை யாரும் கேள்விப்படாத சின்னச் சின்ன கேம்களுக்கென்று ஒதுக்கிவிட்டாள். அந்த டிவியில் எங்கள் கேமை ஓட்டினால் புதுச் சரக்கு முதலில் உங்களுக்குத்தான் என்று பெரிய கம்பெனியின் விற்பனை ஆள் ஆசை காட்டிப் பார்த்தான். அக்கா அவனுக்கு டீ கொடுத்து அனுப்பினாள்; டிவியைக் கொடுக்கவில்லை. பிழைக்கத் தெரியாதவள் என்று புருஷன் தலையில் அடித்துக்கொண்டான். அவன் சொன்னதிலும் தப்பில்லை, கடைக்குச் சோறு போட்டதே பெரிய கம்பெனி கேம்கள்தான்.

டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தவரை அக்கா எழுப்பவே மாட்டாள். ஆசை தீர விளையாடட்டும், பிடித்தால் தானாக வாங்கிவிட்டுப் போவார்கள் என்பது அவள் எண்ணம்.

ஒரு நாள் மாடியறையில் தனியாக வாழ்கிற பெண் ஒருத்தி வந்தாள். ஆபீஸ் வேலையை உதறிவிட்டு, படம், இசை, கதை எல்லாவற்றையும் தானே செய்து ஒரு கேமை முடித்திருந்தாள். மறதி வந்த அப்பாவை மகள் கைப்பிடித்து வீட்டுக்குக் கூட்டிவருகிற கதை. ஒரு சினிமா பார்க்கிற நேரத்தில் முடிந்துவிடும்.

"இது வித்துச்சுன்னா அடுத்தது பண்ணுவேன்கா. இல்லன்னா பெரிய கம்பெனிக்கே வேலைக்குப் போயிடுவேன்" என்றாள்.

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தாள். அன்றைக்கே அந்தக் கேமை டிவியில் ஓடவிட்டாள்.

அடேயப்பா, என்ன கூட்டம்! நாற்காலி சூடு ஆறவில்லை. முடித்து எழுந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்கள். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. விற்பனைக்கு அடுக்கியிருந்த அந்தக் கேமின் பெட்டிகள் அப்படியே இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. ஒரு நாள் வழக்கமாக வருகிற பேங்க் குமாஸ்தா அழுது முடித்து எழுந்துவந்து, பெரிய கம்பெனியின் சண்டை கேம் ஒன்றை மேசையில் வைத்தார். ஏன், அது வேண்டாமா என்று அக்கா கேட்டாள்.

"அதான் முடிச்சிட்டேனே. இனிமே அதை வாங்கி என்ன பண்றது?"

அக்காவுக்குச் சுரீரென்றது. பெரிய கம்பெனி கேமை நாள் முழுக்க உட்கார்ந்தாலும் கால்வாசி தாண்ட முடியாது. இதுவோ அந்த நாற்காலியிலேயே முடிந்துபோகிறது. அடிப்பாவி, தூக்கிவிடுகிறேன் என்று அந்தப் பெண்ணின் காலையே வாரிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள். உடனே டிவியை அணைத்தாள். என்ன பிரயோசனம்? அந்தக் கேமை வாங்கக்கூடியவர்கள் எல்லாரும் ஏற்கெனவே விளையாடி முடித்திருந்தார்கள்.

மாடியறைப் பெண் வந்தபோது அக்கா எதையும் மறைக்கவில்லை. நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்று நின்றாள். அவள் திட்டவில்லை.

"யாராவது அழுதாங்களாக்கா?"

"அழாதவங்களே இல்லம்மா."

அவள் முகம் மலர்ந்தது. அடுக்கியிருந்த பெட்டிகளைப் பார்த்ததும் அப்படியே சுருங்கிவிட்டது.

"அழுதுட்டும் வாங்கலையா?"

இருவருமாகப் பெட்டிகளைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். முன்பே கூப்பிட்டிருந்த பெரிய கம்பெனியில் திங்கட்கிழமை சேர்ந்துவிடுவதாகவும், அங்கே கேமில் வருகிற மரங்களுக்கு இலை வரைகிற வேலை என்றும் அவள் போகிறபோக்கில் சொன்னாள்.